சிவப்பு நூல் கட்டிய வலை

வீட்டில் ஆறு மீன்கள் செத்த பிறகுதான் மண்டபம் ஊருக்குப் பஸ் ஏறினேன். தொட்டியில் உப்புநீர் ஊற்றிய பத்தாம் நாளே, நீல சர்ஜன் மீன் ஒன்றையும் வேறு ஐந்தையும் ஒரே மாலையில் வாங்கி விட்டிருந்தேன். மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் ஊன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்ஜன் மீனின் துடுப்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. ஐந்தாம் நாள் மறைந்தன. பிழைத்துவிட்டது என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு வாரத்தில் ஆறும் போயின.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அப்படிப் பொரித்த குஞ்சுகளை வாங்கி, விற்கும் அளவுக்கு வளர்த்துக் கொடுக்கும் பெண்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. நண்பர் ஒருவர் அவர்களில் ஒரு அக்காவின் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஓலைக் கூரை, வரிசையாகத் தொட்டிகள், ஓயாத ஏர் பம்ப் சத்தம். தீவனத்துக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரியை வளர்க்கும் முறையை நண்பர் நெடுநேரம் விளக்கினார். என் கண் சுவரிலேயே இருந்தது.

சுவரில் ஆணிக்கு ஒரு கைவலை. ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு நிறத்தில் நூல், அதே நிறம் அதனதன் தொட்டி விளிம்பிலும். சிவப்பு நூல் தொட்டி மட்டும் கடைசியில், தனியாக. அதில் மணல் இல்லை, மீன் ஒளிய நாலு பிவிசி குழாய்த் துண்டுகள்தான். வெளியிலிருந்து எந்த மீன் வந்தாலும் முதலில் அங்கேதான்.

"இந்த வலைய அந்தத் தொட்டில விட்டா போச்சு தம்பி. ஈரம் காயாம தொடக்கூடாது" என்றார் அக்கா. ஒவ்வொரு வலையும் அலசி, வெயிலில் சருகாகக் காய்ந்த பிறகே ஆணிக்குப் போகும்.

என் தொட்டியில் நடந்தது எனக்கு அங்கேதான் விளங்கியது. புள்ளி மறைவது நோய் தீர்ந்ததால் அல்ல. கிரிப்டோகேரியான் என்ற அந்த ஒட்டுண்ணி சில நாள் மீனைத் தின்று கொழுத்தபின் உதிர்ந்து, தரையிலும் கல்லிலும் கூடு கட்டுகிறது. ஒரு கூடு வெடித்து, நீந்தும் குட்டிகள் நூற்றுக்கணக்கில் கிளம்பும். கடலில் அவை மீனைத் தேடி அலைந்தே பெரும்பாலும் சாகும். நாலடித் தொட்டியில் மீன் எங்கே ஓடும்? செம்பு மருந்து கொல்வது இப்படி நீந்தும் பருவத்தைத்தான். பவளத்தையும் இறாலையும் அதுவே கொன்றுவிடும். அதனால்தான் வைத்தியமும் தனித் தொட்டியில்.

அக்கா முன்பு கடல்பாசி எடுத்தவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பிய்த்தெடுக்கும் வேலை. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு அங்கே போய்வரக் கட்டுப்பாடு வந்தது. விரல் நுனிகளில் அந்த வேலையின் வடு இன்னும் இருக்கிறது. அதே விரலால் தொட்டிக் கண்ணாடியைத் தட்டாமல், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு மீனின் துடுப்பையும் பார்க்கிறார். இரண்டு பெரிய மீன்களை நான் ஒன்றாக விடச் சொன்னபோது மறுத்தார். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். ஏற்கெனவே பெண்ணான இரண்டைச் சேர்த்தால் ஒன்று மற்றதைக் கடித்தே கொல்லும்.

இத்தனை கவனமாகக் காத்து அனுப்பும் மீன் நகரத்துக் கடைக்குப் போகிறது. அங்கே கடலில் பிடித்தது, தொட்டியில் வளர்ந்தது என்ற பேதமின்றி, ஒரே தண்ணீர் சுற்றிவரும் கண்ணாடி அறைகளில் கலக்கிறார்கள். செத்த மீனுக்கு அக்காவின் கணக்கில் காசு கழிகிறது. மாதக்கணக்கில் உழைத்தவளுக்குக் கழிவு, ஒரே இரவில் கெடுத்த கடைக்காரனுக்கு லாபம். இது வியாபாரமே அல்ல, திருட்டு. வாங்குகிற நாமும் 'இது எங்கே வளர்ந்தது, எத்தனை நாள் தனியாக இருந்தது' என்று கேட்காதவரை அவன் மாறமாட்டான்.

கிளம்பும்போது ஒரு ஜோடி கேட்டேன்.

"தொட்டி மீன் இல்லாம எத்தன நாளாச்சு?"

"40 நாள்."

76 நாள் வெறுமையாகக் கிடந்தால் கூடுகளிலிருந்து கிளம்பியவை மீன் கிடைக்காமல் அழிந்துவிடும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அக்கா கையிலிருந்த வலையை ஆணியில் மாட்டினார்.

"இன்னும் 36 நாள் கெடக்கே தம்பி. அப்புறம் வாங்க, எடுத்து வைக்கிறேன்."