ஒரு கூடை காட்டு மண்

காளஹஸ்தியில் பொன்முகலி ஆற்றைத் தாண்டிச் சற்றுத் தள்ளி இருக்கிறது அந்த நாற்றங்கால். சென்ற கோடையில் அங்கே செம்மரக் கன்றுகள் இரண்டு வரிசையாக நின்றன. ஒரு வரிசை முழங்கால் உயரம், இலையெல்லாம் கரும்பச்சை. பக்கத்து வரிசை சாண் உயரத்தைத் தாண்டவில்லை. இலை வெளிறிக் கிடந்தது.

"ரெண்டும் ஒரே நாள்ல ஊன்றின விதைதான் சார். மண்ணும் ஒண்ணு, தண்ணியும் ஒண்ணு. இதுக்கு மட்டும் வேம் போட்டேன்" என்றார் நாற்றங்கால்காரப் பெரியவர். அவர் நீட்டிய பையில் பழுப்பு நிறப் பொடி. நடுநடுவே காய்ந்த வேர்த் துணுக்குகள். "இது எங்கேருந்து வருதுன்னுதான் தெரியலை. எங்க அப்பா காலத்துல இதெல்லாம் ஏது? மலையில பெரிய மரத்தடியிலேருந்து ஒரு கூடை மண்ணு கொண்டாந்து கலப்பாரு. அவ்வளவுதான்."

பையில் இருப்பதும் கூடையில் வந்ததும் ஒன்றுதானா? அந்தக் கேள்வியோடுதான் அன்று அங்கிருந்து கிளம்பினேன்.

செம்மரம் உலகில் இயற்கையாக வளரும் இடம் மிகக் குறுகியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி, அதாவது சேஷாசலம், வெலிகொண்டா, கடப்பை மலைச்சரிவுகள், அவற்றை ஒட்டிய தமிழக எல்லைக் காடுகள். பாறை இடுக்கிலும் ஆழமில்லாத சரளை மண்ணிலும் அது வேர் பிடிக்கும். வெட்டிக் கடத்தியே அருகிப்போன இந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் 1995 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காட்டில் கல்லைப் பிளந்துகொண்டு வளரும் இந்த மரத்தின் கன்று, நாற்றங்கால் பையில் நல்ல உரமும் நீரும் கிடைத்தும் ஏன் தேங்கி நிற்கிறது? அதன் விடை வேரில் இருக்கிறது.

வேம் என்பது 'வெசிக்குலர் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா' என்ற நீண்ட பெயரின் சுருக்கம். வேளாண் துறையினர் தமிழில் வேர் உட்பூசணம் என்பார்கள். மைக்கோரைசா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் பூஞ்சை வேர் என்று பொருள். அந்தச் சொல் பிறந்தது 1885-இல், ஜெர்மனியில்.

மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானைப் பயிரிட வழி காண வேண்டும் என்று பிரஷ்ய அரசு விரும்பியது. ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளர் அந்த வேலையில் இறங்கினார். டிரஃபிள் சாகுபடிக்கு வழி பிறக்கவில்லை. ஆனால் காட்டு மரங்களைத் தோண்டிப் பார்த்தபோது, அவற்றின் நுனிவேர்கள் பூஞ்சை இழைகளால் உறை போட்டது போலச் சுற்றப்பட்டிருப்பதைக் கண்டார். மரங்களோ திடமாக இருந்தன. பூஞ்சை மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் ஊட்டுகிறது, மரம் பூஞ்சைக்கு உணவு தருகிறது என்று அவர் எழுதினார். சில ஆண்டுகளுக்கு முன்பே போலந்தின் ஃபிரான்சிஷேக் கமியென்ஸ்கி, பச்சையமே இல்லாத ஒரு செடியை ஆராய்ந்து இதைப் போன்ற முடிவுக்கு வந்திருந்தார். பூஞ்சை என்றாலே நோய் என்று நம்பிய காலம் அது. ஃபிராங்க் சொன்னதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு அவர், சூடேற்றித் தூய்மையாக்கிய மண்ணிலும் அப்படிச் செய்யாத மண்ணிலும் பைன் கன்றுகளை வளர்த்துக் காட்டினார். உயிருள்ள மண்ணில் வளர்ந்தவையே செழித்தன.

பெரியவரின் தந்தை சுமந்த கூடைக்கு ஒரு துணை கரீபியன் கடலில் கிடைத்தது. போர்ட்டோ ரிக்கோ தீவில் 1930-களிலிருந்து பைன் விதைகளை விதைத்துப் பார்த்தார்கள். முளைத்தவை மஞ்சள் பூத்து மடிந்தன. 1955-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் வேரடியில் இட்டார்கள். கன்றுகள் தலையெடுத்தன. தீவின் மண்ணில் பைனுக்கு உரிய பூஞ்சை அதுவரை இருந்திருக்கவில்லை.

நம் பக்கத்திலும் ஒருவர் வேர்களைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். இந்தூரில் மக்குரம் செய்யும் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்ட், 1930-களின் இறுதியில் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி வந்தார். மக்குரம் கண்ட செடிகளின் வேர்களை இங்கிலாந்தில் வேர்ப்பூஞ்சை ஆய்வாளரான ரெய்னர் அம்மையாருக்கு அனுப்பிவைத்தார். 1940-இல் வெளியான ஹோவர்டின் நூலில் இந்தப் பூஞ்சைக்குப் பெரிய இடம் உண்டு.

செம்மரத்தின் பூஞ்சை பைனுடையதைப் போல வேருக்கு வெளியே உறை போடுவதில்லை. வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து, மிக நுண்ணிய மரம் போலக் கிளை பிரிகிறது. 'ஆர்பஸ்குல்' என்றால் சிறு மரம் என்றுதான் பொருள். வெறுங்கண்ணுக்குத் தெரியாததால் இதன் அருமை தெரியவே நாளாயிற்று. 1950-களில் இங்கிலாந்தின் பார்பரா மோஸ், இந்தப் பூஞ்சை சேர்ந்த ஆப்பிள் கன்றுகள் சேராதவற்றைவிட நன்றாக வளர்வதைக் காட்டினார். 1963-இல் கெர்டெமன், நிக்கல்சன் இருவரும் இதன் வித்துகளை மண்ணிலிருந்து பிரிக்க எளிய வழி ஒன்றைத் தந்தார்கள். அரிசி களைவது போல மண்ணை நீரில் கலக்கித் தெளிந்ததை இறுத்து, அடுக்கடுக்கான சல்லடைகளில் வடிகட்டுவது. இன்றும் ஆய்வகங்களில் அதுவே நடைமுறை.

மரத்துக்கு என்ன லாபம்? முதன்மையாக மணிச்சத்து. செம்மண்ணில் இருக்கும் இரும்பு மணிச்சத்தை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும், அதற்கப்பால் இருப்பது எட்டாக்கனி. பூஞ்சை இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. மண் துகள்களின் இடுக்கில் நுழைந்து சென்டிமீட்டர் கணக்கில் தொலைவு போய்ச் சத்தைக் கொண்டுவரும். அதற்குக் கூலியாக, மரம் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது.

இந்தக் கூட்டுக்கு வேர்தான் முதலில் குரல் கொடுக்கிறது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள் பூஞ்சை இழைகளைக் கிளை விடச் செய்வதைக் கண்டறிந்தார்கள். அந்தப் பொருள் விஞ்ஞானிகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், வேறொரு கெட்ட பெயரில். சோளக் காட்டில் வேரைப் பற்றி உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்க வைப்பதும் அதுவே. வேர் நண்பனை அழைக்கும் குரலைக் களையும் ஒட்டுக் கேட்கிறது.

உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை பெருகாது. பெரியவரின் பொடியில் வேர்த் துணுக்குகள் கிடந்ததற்குக் காரணம் இதுதான். மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் பெருக்கி, வேரோடு நறுக்கி, மண்ணோடு சேர்த்துத் தருகிறார்கள். 1988-இல் பெகார், ஃபோர்ட்டன் இருவரும் கேரட் வேரைக் கண்ணாடித் தட்டில் தனியே வளர்த்து, அதில் பூஞ்சையைப் பெருக்கும் முறையை வெளியிட்டார்கள். தில்லியில் உள்ள டெரி நிறுவனம் அந்த வழியில் பெரிய அளவில் உற்பத்தி செய்யும் தொழில்நுட்பத்தை வளர்த்தது. அதே 1988-இல் வேர்ப்பூஞ்சை பற்றிய முதல் ஆசிய மாநாடு சென்னையில் நடந்தது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே உழைத்த டி. ஜே. பாக்யராஜின் பெயரை ஒரு பூஞ்சை இனமே தாங்கி நிற்கிறது.

செம்மரத்துக்கு உரிய விடை கோவையில் இருந்தது. அங்குள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை 2021-இல் வெளியானது. இந்த மரத்துக்கே இயல்பான பூஞ்சைகளையும் வேர்முடிச்சு பாக்டீரியாவையும் நாற்றங்காலில் செம்மரக் கன்றுகளுக்குக் கொடுத்து, வளர்ச்சியை அளந்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்ற கன்றுகள் செழித்தன. 'இயல்பான' என்ற சொல்லில்தான் கூடை மண் மறுபடியும் வந்து நின்றது.

இந்த உறவின் வேரைத் தேடிப் பின்னோக்கிப் போனால் ஸ்காட்லாந்தின் ரைனி என்ற சிற்றூரில் போய் முடிகிறது. அங்கே சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகள் கல்லாய் உறைந்திருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் உண்மையான வேர் உருவாகியிருக்கவில்லை. ஆனால் அவற்றின் செல்லுக்குள் அந்தச் சிறு மரம் இருக்கிறது.

மழைக்குப் பிறகு மீண்டும் காளஹஸ்திக்குப் போனபோது, பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அடிவேரில் மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் பூஞ்சை வேரில் ஏறாது, பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் இதுவும் சேர்ந்து அழியும் என்றதும் அவர் வெளிறிய வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் செய்முறையை வாசித்துக் காட்டினேன். ஒரு மீட்டர் நீள அகலத்தில், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி, உள்ளே கறுப்பு பாலித்தீன் தாள், 50 கிலோ வெர்மிகுலைட், 5 கிலோ தூய்மையாக்கிய மண், மேலாக ஒரு கிலோ வேம், அதன்மேல் மக்காச்சோளம். 60 நாளில் 55 கிலோ கிடைக்கும். அது 11,000 கன்றுக்குப் போதும்.

"காட்டுல இப்ப ஒரு பிடி மண்ணு எடுக்க முடியாது சார். எடுக்கவும் கூடாது" என்றபடி எழுந்து, கிணற்றடிக்கு நடந்தார். அங்கே ஒரு செம்மரம் நிற்கிறது. அவர் தந்தை கூடை மண்ணில் வளர்த்து நட்டது. சருகை விலக்கி, நுனிவேரோடு இரண்டு கை மண் அள்ளினார்.

குழி தயாரானதும் நடுவில் ஒரு மூங்கில் தப்பையை நிறுத்தினார். ஒரு பாதியில் பையிலிருந்த பொடி, மறு பாதியில் அப்பாவின் மரத்தடி மண். இரண்டின் மேலும் மக்காச்சோளத்தை ஊன்றிவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனார்.