குரங்குத் தையல்காரர்

இந்தப் பதிவுக்கு நான் முதலில் வைத்த தலைப்பு ‘விஞ்ஞானக் கதைகளில் நிர்வாணம்’. காபி கொண்டுவந்து வைத்த என் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். “எழுபத்தஞ்சு வயசுல இது தேவையா? பேத்தி படிப்பா” என்றாள். பேத்திக்குத் தமிழ் படிக்க வராது, அது வேறு கவலை. வீட்டில் சமாதானம் முக்கியம் என்பதால் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டேன். ஏன் இந்த வயதில் இந்த விஷயம் என்பது கடைசியில்தான் வரும். அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் விஞ்ஞானக் கதை என்று வாயெடுத்தால் சுஜாதாவில்தான் போய் நிற்கும். இங்கே வளர்ந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். ‘என் இனிய இயந்திரா’ விகடனில் வந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஜீனோ என்ற அந்த இயந்திர நாயைப் பற்றிப் பேசாத வாரம் கிடையாது. ஆனால் எனக்கு விஞ்ஞானக் கதை அறிமுகமானது பிரெஞ்சில். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். தமிழை ஒழுங்காகப் படித்ததே திருச்சிக்கு எழுத்தர் வேலைக்கு வந்த பிறகு, சுஜாதாவையும் அரசாணைகளையும் வைத்துத்தான்.

புத்தகங்களைக் கையில் கொடுத்தது என் அண்ணன். எனக்கு ஐந்து வயது மூத்தவர். பின்னாளில் கணக்கு ஆசிரியரானார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் சோப்பு, சென்ட்டோடு நாலைந்து பாக்கெட் நாவல்களும் இருக்கும். அண்ணன் முதலில் படித்துவிட்டு, ‘நீ இதைப் படிக்கலாம், இதைப் படிக்கக் கூடாது’ என்று பிரித்து வைப்பார். படிக்கக் கூடாது என்று வைத்ததைத்தான் நான் முதலில் எடுப்பேன் என்பது அவருக்கும் தெரியும்.

ஹெச். ஜி. வெல்ஸின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ (1897) அப்படி வந்ததுதான். நம் மாயாஜாலப் படங்களில் மறைகிறவர் வேட்டி, அங்கவஸ்திரம், கிரீடம் எல்லாவற்றோடும் மறைந்துவிடுவார். வெல்ஸ் அப்படி விடவில்லை. உடம்புதான் மறையும், துணி மறையாது. ஆகவே கிரிஃபின் மறைய வேண்டுமானால் ஒட்டுத்துணி இல்லாமல் நடக்க வேண்டும். அதுவும் ஜனவரி மாத லண்டனில். குளிரில் நடுங்குகிறான், தும்முகிறான், சேற்றுக்கால் தடம் விழுந்து தெருப்பையன்கள் பின்தொடர்கிறார்கள். உலகத்தையே ஆட்டிப்படைக்கப் போகிறேன் என்று கிளம்பிய ஆளுக்கு முதல் தேவை ஒரு கோட்டு! கடைசியில் ஊர் ஜனம் அவனை அடித்தே கொல்கிறது. உயிர் போனதும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அப்போது கூட்டத்தில் ஒருவர் முகத்தை மூடச் சொல்லிக் கத்துகிறார். பக்கத்துச் சாராயக்கடையிலிருந்து ஒரு துப்பட்டி வருகிறது. அடித்தவர்களே போர்த்துகிறார்கள்.

இதே வெல்ஸ் 1923-ல் ‘கடவுளரைப் போன்ற மனிதர்கள்’ என்று ஒரு நாவல் எழுதினார். சில ஆங்கிலேயர்கள் காரோடு வேறொரு உலகத்துக்குத் தூக்கி எறியப்படுகிறார்கள். அங்கே எல்லோரும் அழகர்கள், அறிவாளிகள். உடை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வந்தவர்களில் ஒரு பாதிரியார் கொதித்துப் போகிறார். வேடிக்கை என்னவென்றால், உடுத்தி வந்த இந்தக் கண்ணியவான்களிடமிருந்துதான் அந்த ஊருக்குத் தொற்றுநோய் வருகிறது.

துணியைத் துறந்தால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்ற எண்ணம் அக்கால ஐரோப்பாவில் கொஞ்சம் பரவியிருந்தது. அதற்கு ஒரு சங்கமே வைத்த முதல் ஆள்களில் ஒருவர் நம் ஊரில் இருந்திருக்கிறார் என்று பிற்பாடு படித்துச் சிரித்தேன். 1891-ல் பம்பாய்க்கு அருகே தாணேயில் ஜில்லா நீதிபதியாக இருந்த கிராஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் ஆரம்பித்தார். மொத்த உறுப்பினர்கள் 3 பேர். கோரம் எப்படிச் சேர்த்தார்களோ!

அமெரிக்கர் ஹைன்லைன் 1951-ல் எழுதிய ‘பொம்மலாட்டக்காரர்கள்’ நாவலை நான் படித்தது வேலைக்கு வந்த பிறகு. வேற்றுக்கிரகத்து அட்டை மாதிரி ஒரு ஜந்து, சட்டைக்கு உள்ளே முதுகில் ஒட்டிக்கொண்டு ஆளை ஆட்டுவிக்கிறது. யார் முதுகில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் உத்தரவு போடுகிறது: எல்லோரும் வெற்றுமுதுகோடு இருக்க வேண்டும். அது போதாமல், அநேகமாக முழு நிர்வாணமாகவே நடமாட வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. உடுத்தியிருப்பவன்தான் அங்கே சந்தேகத்துக்குரியவன். இப்படி ஒரு அரசாணை எங்கள் பிரிவுக்கு வந்திருந்தால்? அடையாள அட்டையை எதில் மாட்டுவது என்று விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்போம். பதில் வருவதற்குள் அட்டைகள் கிரகத்துக்கே திரும்பியிருக்கும்.

அசிமோவின் ‘நிர்வாணச் சூரியன்’ (1957) இன்றைக்குப் படித்தால் தூக்கிவாரிப் போடும். சொலேரியா என்ற கிரகத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் நேரில் சந்திப்பதே ஆபாசம். எல்லாம் பிம்பத்தில்தான், நம் வீடியோ கால் போல. பிம்பத்தில் பேசும்போது உடை இல்லாமல் வந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. துப்பறிய வந்த பூமிக்காரன் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறான்; அவள் குளித்த கோலத்திலேயே வந்து நிற்கிறாள். இவன்தான் கூனிக்குறுகிப் போகிறான். நேரில் பார்ப்பது வேறு, பிம்பத்தில் பார்ப்பது வேறு என்று அவள் பொறுமையாக விளக்குகிறாள். இதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் தலைப்பிலிருந்து ‘நிர்வாண’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, சூரியனின் தீக்கு எதிரே என்ற பொருளில் மாற்றி வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கே என் மனைவி மாதிரி யாரோ அமைந்திருக்கிறார்கள்!

சொலேரியாவைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அம்மா மண்டபம். ஆடிப்பெருக்கு அன்று போய்ப் பாருங்கள், அத்தனை ஜனத்துக்கும் நடுவில் ஈரப்புடவையை மாற்றி உலர்ந்த புடவை கட்டிக்கொள்ளும் கிழவியை. கதவும் இல்லை, திரையும் இல்லை. ஆனாலும் அவர் மறைவாகத்தான் உடை மாற்றுகிறார். சுற்றி இருக்கிறவர்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். புதுச்சேரியில் நாலு சுவருக்குள் குளித்து வளர்ந்த எனக்கு, வந்த புதிதில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தது ஞாபகம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது தானாக வந்தது.

இனி நான் சொல்ல வந்த புத்தகம். பியேர் பூல் 1963-ல் எழுதிய ‘குரங்குகளின் கிரகம்’. பூல் இளவயதில் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1936-ல் போனார். அந்தக் காலத்து மலாயா ரப்பர் தோட்டம் என்றால் பால்வெட்டுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூட்டம் மனிதர்களை இன்னொரு கூட்டம் எப்படி எண்ணிக்கையாகப் பார்க்கிறது என்பதை அங்கேதான் பார்த்திருப்பார் என்று அண்ணன் சொல்வார். அவருடைய ஊகம்தான், ஆனால் எனக்கும் சரியாகப் படுகிறது.

படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், 1968-ல் வந்தது. படத்தில் அந்தக் கிரகத்து மனிதர்களுக்குத் தோல், தழை என்று ஏதோ கட்டிவிட்டார்கள். நாவலில் ஒன்றும் கிடையாது. பூமியிலிருந்து போன மூவரும் ஒரு ஏரியில் குளிக்கிறார்கள். மறுநாள் அந்த ஊர் மனிதர்கள் வந்து இவர்கள் உடையையெல்லாம் கிழித்தெறிகிறார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் கரையில் வைத்த துணிக்காகக் கண்ணனிடம் பெண்கள் மன்றாடும் இடம் எல்லோருக்கும் தெரியும். அங்கே கேட்டால் கொடுப்பவன் ஒருவன் குருந்த மரத்தில் இருக்கிறான். இங்கே எடுத்தவர்களுக்குப் பேச்சே இல்லை. அப்புறம் குரங்குகள் வேட்டைக்கு வருகின்றன, நேர்த்தியாக உடுத்திக்கொண்டு. பத்திரிகைக்காரன் யுலிஸ் மேரு, நிர்வாணமாகக் கூண்டில் அடைக்கப்படுகிறான். சீரா என்ற பெண் சிம்பன்சியின் நோட்டுப்புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றத்தை வரைந்து காட்டித் தனக்கு அறிவு உண்டு என்று புரியவைக்கிறான். (கணக்கு வாத்தியாரான அண்ணனுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.) பெரிய சபையின் முன்னால் பேசி விடுதலை வாங்குகிறான். அதன் பிறகு குரங்குத் தையல்காரர் ஒருவர் அவனுக்கு அளவெடுத்து உடை தைத்துத் தருகிறார். எத்தனையோ சாகசங்கள் உள்ள நாவலில் எனக்கு மறக்காமல் நிற்பது அந்தத் தையல்காரர்தான்.

மறக்க முடியாத இன்னொருவர் பேராசிரியர் அந்தேல். அந்தப் பயணத்தின் தலைவர், மேதை. மிருகக்காட்சிசாலையில் ஒரு கூண்டில், வேடிக்கை பார்ப்பவர்கள் போடும் தின்பண்டத்துக்குக் கை நீட்டும் கூட்டத்தில் யுலிஸ் அவரைக் கண்டுபிடிக்கிறான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயிலிருந்து வருவது வெறும் ஊளை. அவருக்குத் தையல்காரர் வரவில்லை.

இதை 16 வயதில் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் அண்ணனை எழுப்பினேன். “கதைடா, படு” என்றார்.

அண்ணனுக்கு இப்போது 80. அண்ணியின் ஊர் ஸ்ரீரங்கம் என்பதால் ஓய்வுக்குப் பிறகு இங்கேயே ஒரு அடுக்ககத்தில் குடிவந்துவிட்டார்கள். மூன்று வருடமாக மறதி நோய். முதலில் பெயர்கள் போயின, பிறகு பிரெஞ்சு, பிறகு ஆட்கள். போன தை மாதத்திலிருந்து இடுப்பில் துணி நிற்பதில்லை. கட்டிவிட்டால் அவிழ்த்துப் போட்டுவிடுகிறார். உறுத்துகிறதோ என்னவோ, கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் விடிகாலை அண்ணி பால் வாங்கக் கதவைத் திறந்த நேரத்தில் அப்படியே படியிறங்கிக் கீழே போய்விட்டார். கோலம் போட வந்த பெண்கள், நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் செல்போனைக் கூட எடுத்தாராம். காவலாளி, பீகாரோ ஒடிசாவோ, சின்னப் பையன், தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அண்ணன் இடுப்பில் சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்தான். “சார், சாய் டைம்” என்று சொல்லிக் கூட்டி வந்ததாக அண்ணி சொன்னார்.

அந்த வாரமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். பெண்கள், குழந்தைகள் நடமாடும் இடம், வீட்டை வெளியில் பூட்டிவைக்கவும் என்று. முப்பத்தைந்து வருடம் கடிதம் எழுதியே பிழைத்தவன் நான். பதில் நான் எழுதினேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் மேலே மாற்றியாகிவிட்டது, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் போட்டாயிற்று என்று இரண்டு வரி. மூன்றாவதாக ஒரு பத்தியும் எழுதினேன். ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகம் முடிந்து பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்தினால், திருமேனியைத் திரையிட்டு மறைத்துவிட்டு முகத்தை மட்டும் சேவிக்க விடுகிறார்கள். பல வாரம் திருவடி சேவை கிடையாது. யாரும் கோயிலுக்குப் புகார்க் கடிதம் எழுதுவதில்லை. உங்கள் காவலாளிக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே என்று. மனைவி படித்துப் பார்த்து, “அந்தக் கடைசிப் பாராவை எடுத்துடுங்க, அண்ணி அங்க குடியிருக்கணும்” என்றாள். எடுத்துவிட்டேன். இங்கே எழுதிவிட்டேன்.

மேல்வீட்டு மாமி ஆறுதலாக, “அவர் சதாசிவ பிரம்மேந்திரர் மாதிரி ஆயிட்டார், தேக அபிமானம் போயிடுத்து” என்றார். நெரூரில் ஜீவசமாதி கொண்ட அந்த மகான் திகம்பரராகக் காவேரிக்கரையில் திரிந்தவர்தான். மாமி நல்ல மனசோடு சொன்னார். ஆனால் துறந்தவர் வேறு, எடுத்துக்கொள்ளப்பட்டவர் வேறு. மகானுக்குத் தான் எதை விட்டோம் என்று தெரியும்.

இப்போது தினமும் காலையில் நடந்தே போய் அண்ணனுக்கு வேட்டி கட்டிவிடுவது என் வேலை. வேட்டி கட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பள்ளியில் அரை டிரவுசர், கல்லூரியில் பேன்ட் என்று வளர்ந்த எனக்கு அக்கா கல்யாணத்தில் முதன்முதலாக வேட்டி கொடுத்தார்கள். மண்டபத்து மாடியில் வைத்து மூன்று தடவை கட்டி அவிழ்த்துக் காட்டினார். கரை நேராக விழ வேண்டும், இடது பக்க நுனி கணுக்காலுக்கு மேலே தெரியக் கூடாது என்று வாத்தியார் தோரணையில்.

போன செவ்வாய்க்கிழமை அவசரத்தில் நான் கட்டியது கோணலாகிவிட்டது. அண்ணன் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்தார். சரி, கீழே போடப் போகிறார் என்று கை நீட்டினேன். போடவில்லை. வேட்டியை இரண்டு கையிலும் அகலப் பிடித்துக்கொண்டு, வெறும் உடம்போடு அரை நிமிஷம் அப்படியே நின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கட்டி முடித்திருந்தார். கரை நேராக இருந்தது. நுனியைச் செருகிவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை மறுபடி நான்தான் கட்டினேன்.