சுழி பார்க்காதே... காலைப் பாரு! - பெரியப்பாவுடன் ஒரு குதிரைப் பண்ணையில்

பெங்களூருவிலிருந்து மங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் போனால் குணிகல். திப்பு சுல்தானின் குதிரைப்படைக்குக் குதிரை வளர்த்த ஊர். அந்த ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு மண் சாலையில் திரும்பி, ஒரு தனியார் பண்ணையின் வாசலில் இறங்கினோம். காலை ஆறரை மணி. ராத்திரி பெய்த மழையில் தரை ஈரமாக இருந்தது. மரவேலிக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு குட்டிகள், பள்ளிக்கூட பெல் அடித்ததும் ஓடும் பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

என் பெரியப்பா வேலியில் கை வைத்து நின்றார். அவர் கண் குட்டிகளின் முகத்தில் இல்லை, காலில் இருந்தது.

பெரியப்பா கிண்டி ரேஸ்கோர்ஸில் 31 வருஷம் சைஸாக இருந்தவர். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடை கூட்டிப்போய், உடம்பு சரியில்லாத ராத்திரிகளில் லாயத்திலேயே படுத்துக்கொள்பவர்தான் சைஸ். அத்தனை வருஷத்தில் ஒரு ரூபாய் பந்தயம் கட்டியதில்லை என்று பெரியம்மா பெருமையாகச் சொல்வார்.

அவருடைய பழைய முதலாளியின் மகன் முதன்முறையாக ஒரு ரேஸ் குட்டி வாங்கப் போகிறார். “அண்ணே, ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்க” என்று காரை அனுப்பிவிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் சுழி

முதலில் வந்தது ஒரு செம்பழுப்பு ஆண் குட்டி. வயது ஒன்றரை. நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், எண்ணெய் தேய்த்ததுபோல மினுக்கும் தோல், வில்லாக வளைந்த கழுத்து. “இதுதான்!” என்று மகன் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்குச் செய்தி எடுக்கப் போயிருக்கிறேன். அங்கே குதிரை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சுழி. அந்த நினைப்பில், “சுழி சுத்தமா இருக்கா பெரியப்பா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “சுழி இதோட பாஸ்போர்ட்டுல இருக்கும். நம்ம கைரேகை மாதிரி, அடையாளத்துக்கு. ஓடுறது சுழி இல்லம்மா, காலு.”

நிஜம்தான். தரோபிரெட் குதிரை ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று படத்தில் குறித்திருப்பார்கள். குதிரை மாறாட்டம் நடக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

தூக்குக்குண்டு கணக்கு

பெரியப்பா பார்த்த வரிசையைச் சொல்கிறேன். நீங்கள் அடுத்த முறை எந்தக் குதிரையைப் பார்த்தாலும் இது உதவும்.

முதலில் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். தோள், முதுகு, பின்பகுதி மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். தோள் எலும்பு நெட்டுக்குத்தாக இல்லாமல் சாய்வாக இருந்தால்தான் முன்னங்கால் எட்டிப் போடும். பின்தொடை திரண்டிருக்க வேண்டும். குதிரையை முன்னே தள்ளும் இன்ஜின் அங்கேதான் இருக்கிறது. நெஞ்சு ஆழமாக இருந்தால் நுரையீரலுக்கு இடம் தாராளம்.

இந்த எல்லாவற்றிலும் செம்பழுப்புக் குட்டிக்கு முழு மார்க்.

அடுத்து, நேர் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டார். தோள் முனையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது முழங்கால், கணுமூட்டு, குளம்பு மூன்றின் நடுவிலும் இறங்க வேண்டும்.

“நடக்க விடுங்க” என்றார்.

பையன் குட்டியை நடத்திக்கொண்டு போனான், திரும்பி வந்தான். ஈர மண்ணில் தடம் பதிந்தது. பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுந்திருந்தது. நல்ல எட்டு. ஆனால், பெரியப்பா முகம் மாறவில்லை. மறுபடியும் போய் முழங்கால் முன்னால் உட்கார்ந்தார்.

“தம்பி, இங்க பாருங்க. முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு நடுவுல இறங்கல. வெளிப்பக்கம் தள்ளி இறங்குது. ரெண்டு கால்லயும்.”

எனக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. அவர் விரலால் கோடு போட்டுக் காட்டியதும், அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

நடுவிரலில் நிற்கும் 450 கிலோ

ஒரு சின்ன எலும்பு கொஞ்சம் தள்ளியிருந்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஊருக்கு வந்து ஒரு குதிரை மருத்துவரிடம் கேட்டேன்.

குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசையே கிடையாது. எலும்பும் தசைநாணும் மட்டும்தான். குளம்பு என்பது அதன் நடுவிரல் நகம். வளர்ந்த ரேஸ் குதிரை 450 முதல் 500 கிலோ இருக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கட்டத்தில் மொத்த உடம்பும் ஒற்றை முன்னங்காலில் வந்து இறங்கும். அப்போது அந்தக் காலில் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எலும்பு நேராக இருந்தால் பாரம் பரவி இறங்கும். தள்ளியிருந்தால் ஒரே பக்கமாகக் குவியும்.

2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. இப்படித் தள்ளிய முழங்கால் இருந்த குதிரைகளுக்குக் கணுமூட்டில் பிரச்னைகள் அதிகம் வந்திருக்கின்றன. எல்லாக் கோணலும் ஆபத்து இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. முழங்காலுக்குக் கீழே கால் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்த சில குதிரைகளுக்கு அந்தச் சாய்வே பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

மகனுக்கு மனசு ஒப்பவில்லை. “இவ்வளவு அழகா இருக்கேண்ணே...”

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

“எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. உங்க அப்பா ஒரு குட்டி வாங்கினாரு. குட்டிப்பையன்னு கூப்பிடுவோம். பக்கத்துல இருந்து பார்த்தா முழங்கால் பின்பக்கமா வளைஞ்சிருக்கும். பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சைஸ் சொன்னா யாரு கேப்பாங்கன்னு வாயைத் திறக்கல. மூணாவது ரேஸ்ல கடைசித் திருப்பத்துல கால் உடைஞ்சுது. டாக்டர் ஊசி போடுற வரைக்கும் தலையை என் மடியிலதான் வச்சிருந்தேன். இன்னிக்கு நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன் தம்பி.”

இந்தக் கதையை வீட்டில் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கண்ணுக்குத் தெரியாதது

அப்படியென்றால் காலைப் பார்த்து ஜெயிக்கும் குதிரையைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. 2006-ல் அமெரிக்காவில் தி கிரீன் மங்கி என்ற இரண்டு வயதுக் குட்டி 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஓடியது மூன்றே ரேஸ், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஜான் ஹென்றி என்ற குட்டி 1976-ல் வெறும் 1,100 டாலருக்குப் போனது. பின்வளைந்த முழங்கால் என்று பலர் ஒதுக்கிய குதிரை அது. 39 ரேஸ் ஜெயித்து, 65 லட்சம் டாலருக்கும் மேல் சம்பாதித்தது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன்.

“ஒரு ஜான் ஹென்றி பேரு உனக்குத் தெரியுது. அதே மாதிரி காலோட உடைஞ்சுபோன குட்டிங்க பேரு தெரியுமா?” என்றார். “எது ஜெயிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. இதயம் எவ்ளோ பெருசு, மனசுல எவ்ளோ வேகம், வெளிய தெரியாது. எது வலியில்லாம ஓடும்னுதான் கண்ணு பார்க்கணும்.”

தட்டு இட்லியும் ஒரு போனும்

கடைசியாக ஒரு கரும்பழுப்புப் பெண் குட்டி வந்தது. தலை கொஞ்சம் பெரிசு, வயிறு சப்பை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால், நூல் பிடித்த மாதிரி கால். இரண்டு குளம்பும் ஒரே அளவு. நடந்தபோது தலை ஆடவில்லை. “பொண்ணு குட்டியா?” என்று மகன் இழுத்தார். 1943-ல் முதல் இந்தியன் டெர்பியை ஜெயித்ததே பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண் குதிரைதான் என்று பண்ணைக்காரர் எடுத்துவிட்டார்.

அன்றைக்கு முடிவு எதுவும் ஆகவில்லை. எக்ஸ்ரே எடுத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டையையும் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கிளம்பினோம். நெடுஞ்சாலைக் கடையில் தட்டு இட்லி சாப்பிடும்போது, “அந்தச் செம்பழுப்புக் குட்டி பாவம் இல்லையா?” என்று கேட்டேன்.

“அதுக்கும் ஒருத்தர் வருவாரு. ரெண்டு வயசுலயே விரட்டாம, எலும்பு கெட்டியாகுற வரைக்கும் விட்டாங்கன்னா அதுவும் ஓடும். மனுஷனுக்குத்தான் அவசரம்.”

மூன்று வாரம் கழித்து பெரியப்பா போன் செய்தார். தம்பி கரும்பழுப்புக் குட்டியை வாங்கிவிட்டாராம். ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாம்.

“எப்ப ரேஸ் ஓடும் பெரியப்பா?”

“மூணு வயசுக்கு முன்னாடி கிடையாதுன்னு தம்பிகிட்ட வாக்கு வாங்கிட்டேன்” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ ரேஸே ஜெயித்துவிட்டதுபோல.