முனை வெட்டிய முள்

சியாட்டிலில் இருந்து ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே ஆறு மணி நேரம் ஓட்டினால் ஓரிகனில் ரோஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கிழக்கே திரும்பி 138ஆம் நம்பர் ரோட்டைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் க்ளைட். இரண்டு ஆறுகள் கிட்டத்தட்ட நேருக்கு நேர் மோதிக்கொள்கிற இடம் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டலாம், பத்து நிமிஷம் போதும். அதற்கு மேல் ரோடும் நார்த் அம்ப்குவா ஆறும் சேர்ந்தே மலைக்குள் போகின்றன.

நாங்கள் போனது செப்டம்பர் முதல் வார லீவில். நான், மனைவி, எட்டு வயசுப் பையன், ஐஸ் பெட்டியில் தயிர் சாதம், தனி டப்பாவில் புளியோதரை. போனதற்குக் காரணம் நான்தான். மூன்று வருஷமாக எனக்கு ஸ்டீல்ஹெட் பைத்தியம். வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்கைகோமிஷ் ஆற்றில் நின்று நின்று இதுவரை பிடித்தது ஒரே ஒரு மீன். "தெரிஞ்ச ஆத்துலயே இந்த லட்சணம், தெரியாத ஆத்துக்கு எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஸ்டீல்ஹெட் தனி இனம் கிடையாது. ரெயின்போ ட்ரவுட்தான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டார்களே, ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் பண்ணை இருக்கிறதே, அதே இனம். இங்கே அதில் ஒரு பகுதி ஆற்றில் பிறந்து, இரண்டு மூன்று வருஷம் வளர்ந்து கடலுக்குப் போகிறது. பசிபிக்கில் தின்று கொழுத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. இங்குள்ள சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில தப்பித்து மறுபடி கடலுக்குப் போய் மறுபடியும் வரும். கோடையில் ஆற்றுக்குள் நுழைகிற கூட்டம் குளிர்காலம் வரை காத்திருந்துதான் முட்டையிடும். அத்தனை மாசமும் சரியாகச் சாப்பிடாது. பசியில்லாத மீன் பொய் ஈயை எதற்குக் கடிக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று பேர் வாங்கினது சும்மா இல்லை.

நார்த் அம்ப்குவாவில் சுமார் 50 கிலோமீட்டருக்கு ஃப்ளை ஃபிஷிங் மட்டும்தான் அனுமதி. 1952இல் இருந்து இந்தச் சட்டம். புழு கூடாது, மினுக்கும் தகடு கூடாது. இறகும் மான் முடியும் கட்டின ஒற்றை முள், அவ்வளவுதான். காட்டு ஸ்டீல்ஹெட் மாட்டினால் திருப்பி விட்டுவிட வேண்டும். பெரியவர்களுக்கு லைசென்ஸோடு ஸ்டீல்ஹெட்டுக்கென்று தனி டேக்கும் வேண்டும். 12 வயசுக்குக் கீழே என்றால் லைசென்ஸ் தேவையில்லை.

ஸ்கைகோமிஷில் நான் நிற்கிற இடமெல்லாம் கூழாங்கல். இங்கே பாறைப் படுகை, சோப்பு தடவின பாத்ரூம் தரை மாதிரி. தண்ணீர் பச்சைக் கண்ணாடியாக இருப்பதால் முழங்கால் ஆழம் என்று நினைத்துக் கால் வைத்தால் பாறைப் பிளவில் ஆளே இறங்கிவிடுவான். ஆணி வைத்த பூட்ஸ் வேண்டும் என்று படித்திருந்தும் நான் வாங்கவில்லை. பத்தாவது அடியிலேயே தண்ணீரில் உட்கார்ந்தேன். கரையில் இருந்து கைதட்டல்.

எழுந்து வேலையை ஆரம்பித்தேன். குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசணும், ஈயை நீரோட்டம் வளைவாக இழுத்துக்கொண்டு வரட்டும், இரண்டு அடி நகரணும், மறுபடி வீசணும். நாள் முழுக்க இதுதான். ஒன்றும் மாட்டவில்லை.

ராத்திரி கேம்ப்கிரவுண்டில் பையன் கேட்டான். "அப்பா, மீன் மாட்டினா சாப்பிடுவோமா?"

"இல்லடா, விட்டுடுவோம்."

"விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"விளையாட்டுதான்."

"மீனுக்குமா?"

நான் அடுப்பைத் துடைத்தேன்.

மறுநாள் தூண்டிலை எடுக்கவில்லை. ஸ்டீம்போட் க்ரீக் என்ற கிளையாற்றின் ஓரமாக மேலே போனோம். அதில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. கோடையில் அந்தக் கிளையாறு சூடாகிவிடும். பிக் பெண்ட் என்ற ஒரு மடுவில் மட்டும் குளிர்ந்த ஓடை வந்து சேர்வதால் மீன்கள் அங்கே ஒதுங்கி மாசக்கணக்கில் நிற்கும். ஒரு காலத்தில் அந்த மடுவிலேயே வெடி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்க 1999இல் இருந்து லீ ஸ்பென்சர் என்ற தொல்லியல்காரர், நாயோடு ஒரு ட்ரெய்லரில் தங்கி, வசந்தத்தில் இருந்து குளிர்காலத் தொடக்கம் வரை வருஷா வருஷம் காவல் இருந்தார். பார்த்ததை எல்லாம் எழுதியும் வைத்தார். 2017இல் அது புத்தகமாக வந்தது. இப்போது வேறு தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போனபோது இருந்தவர் பையனுக்குக் கண் கூசாத கண்ணாடி ஒன்று கொடுத்தார். முதலில் வெறும் கல்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் கல் அசைகிறது. அறுபது வரைக்கும் எண்ணிவிட்டு, எண்ணினதையே திரும்ப எண்ணுகிறோம் என்று விட்டுவிட்டான்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஸ்பென்சர் மீன் பிடிக்கப் போகும்போது முள்ளின் முனையை வெட்டிவிடுவாராம். மீன் மேலே வரும், ஈயைக் கவ்வும், இழுக்கும், விட்டுவிடும். அவருக்கு அது போதும். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

திரும்பும் வழியெல்லாம் கரிந்த மரங்கள். 2020 செப்டம்பரில் ஆர்ச்சி க்ரீக் தீ 1,30,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. மீன் குஞ்சு வளர்க்கிற ராக் க்ரீக் பண்ணையும் அதில் போனது. அடுத்த வருஷம் கோடையில் திரும்பி வந்த ஸ்டீல்ஹெட் மிகக் குறைவு. ஆகஸ்டில் இருந்து நவம்பர் கடைசி வரை ஆற்றையே மூடிவிட்டார்கள். அறுபது என்று அவன் எண்ணினபோது எனக்கு நிறைய மாதிரி இருந்தது. காரில் வரும்போது அப்படித் தோன்றவில்லை.

கடைசி நாள் காலை ஆறு மணிக்கு அவனையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியில் பதினோரு ஈ. ஒன்றை எடுத்து, கட்டிங் பிளேயரால் முனையை வெட்டினேன். வெட்டின துண்டை அவன் வாங்கிக் காலி மிட்டாய் டப்பாவில் போட்டுக்கொண்டான். மீதிப் பத்தும் என் சட்டைப் பையில்.

நாற்பது வீச்சு இருக்கும். மேலாக மிதந்து வந்த ஈக்குப் பின்னால் தண்ணீர் வீங்கியது. அப்புறம் ஒரு இழுப்பு. தோள் வரைக்கும் தெரிந்தது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் நூல் தொய்ந்துவிட்டது.

"தலையப் பார்த்தேன்பா! பெரிய தலை!" என்று பாறை மேல் குதித்தான்.

எனக்குக் கை நடுங்கியது. அந்த மீன் அங்கேதான் இருக்கிறது, இடம் தெரியும், பையில் முள்ளோடு பத்து ஈ இருக்கிறது. ஆறு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறேன். வெட்டின ஈயை அவிழ்த்தேன், முள் உள்ளதைக் கட்டினேன். அவன் குதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. இருபது வீச்சு வீசினேன். எதுவும் வரவில்லை. வராதது நல்லது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மலைக்குள் போன் சிக்னல் கிடையாது. ரோஸ்பர்க் வந்ததும் ஊரில் இருந்து அம்மாவின் வீடியோ கால். "எத்தனை மீனுடா தங்கம்? குழம்பு வச்சாளா உங்கம்மா?"

"ஒண்ணு பாட்டி. முள்ளே இல்லாம அப்பா பிடிச்சாங்க. அது போயிடுச்சு." மிட்டாய் டப்பாவை கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினான்.

அடுத்துக் கட்டின ஈயைப் பற்றி அவன் பாட்டியிடம் சொல்லவில்லை.