கிறீச்சிட்ட பூட்ஸ்

டென்மார்க்கின் ஓடன்ஸே நகரில் படித்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு மனசு சரியில்லாதபோதெல்லாம் கால்கள் தாமாகப் போய் நின்ற இடம் முங்கமொல்லஸ்ட்ரேட என்கிற சந்து. தெருவை ஒட்டித் தாழ்வான ஒரு வீடு. மூன்று குடும்பங்கள் ஒண்டியிருந்த அந்த வீட்டில்தான் 1807 முதல் 1819 வரை குழந்தைக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் வளர்ந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா ஆற்றில் நின்று பிறர் துணி வெளுத்தவர்.

அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. அப்பாவின் வேலைப்பலகை, ஒரு கட்டில், பையனுக்கு ஒரு மடக்குக் கட்டில், அத்துடன் இடம் தீர்ந்தது. மேலே கூரையோரம் ஒரு பெட்டியில் மண் நிரப்பி அம்மா கீரை வளர்த்தார். ‘பனி ராணி’ கதையில் வரும் கூரைத்தோட்டம் அதிலிருந்து முளைத்ததுதான்.

ஆண்டர்சனின் ‘சிவப்புக் காலணிகள்’ கதைமீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம். 1845இல் வந்த கதை. காரென் என்ற ஏழைச் சிறுமி சிவப்புக் காலணி அணிந்து தேவாலயத்துக்குப் போகிறாள். ஜெபத்திலும் நினைப்பெல்லாம் காலில். அந்தப் பெருமைக்காகக் காலணிகள் அவளை இரவும் பகலும் ஆட்டுவிக்கின்றன. கடைசியில் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனிடம் கெஞ்சிக் கால்களையே வெட்டிக்கொள்கிறாள். ஒரு குழந்தையின் ஆசைக்கு இவ்வளவு தண்டனையா?

சந்திலிருந்து சில நிமிட நடையில் புனித குனுட் தேவாலயம். 1819இல் திடப்படுத்தல் ஆராதனைக்காக ஆண்டர்சன் அங்கே நடந்து போனார். இறந்துபோன அப்பாவின் மேல்கோட்டை வெட்டித் தைத்த உடுப்பு. காலில், வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் புது பூட்ஸ். எல்லார் கண்ணிலும் படட்டும் என்று கால்சட்டைக்கு மேலேயே இழுத்துவிட்டிருந்தார். நடக்க நடக்க அது கிறீச்சிட்டது. புதுசு என்று சபைக்கே கேட்குமே என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. கடவுளை நினைக்க வேண்டிய நேரத்தில் பூட்ஸை நினைத்தோமே என்ற உறுத்தலையும் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தேவாலயத்தின் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான் என் கோபம் கரைந்தது. காரென் வேறு யாரோ அல்ல, அந்தப் பதினாலு வயசுப் பையன்தான். தன்னைத்தான் அவர் அவ்வளவு கடுமையாகத் தண்டித்துக்கொண்டிருக்கிறார்.

பவலும் பிரஸ்பர்கரும் 1948இல் எடுத்த ‘சிவப்புக் காலணிகள்’ படத்தையும் அந்த ஊரில் இருந்தபோதுதான் பார்த்தேன். அதில் தேவாலயத்தின் இடத்தில் மேடை. மொய்ரா ஷியரர் ஆடும் நடனக் காட்சி மட்டும் சுமார் 17 நிமிடம். காதலா கலையா என்று இரண்டு பக்கமும் இழுபடும் அந்தப் பெண்ணைப் பார்த்து அழுதேன். ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நடனத்தில் காலணியைக் காட்டி மயக்குகிற பொல்லாதவன் செருப்புத் தைப்பவன்.

மறுநாளே சந்துக்குப் போனேன். ஆண்டர்சனின் அப்பா ஒருமுறை பெரிய பண்ணை வீடொன்றில் வேலை கிடைக்கும் என்று நம்பி, மாதிரிக்கு ஒரு ஜோடி நடனக் காலணி தைத்தார். பட்டு அந்த வீட்டம்மா கொடுத்தது, தோல் இவருடையது. கொண்டுபோய்க் காட்டியபோது, பட்டைப் பாழாக்கிவிட்டாயே என்றாள் அவள். அப்படியானால் என் தோலும் பாழாகட்டும் என்று கத்தியை எடுத்து, அவள் கண்ணெதிரே அறுத்துப் போட்டார். அன்று வெறுங்கையோடு அவர் திரும்பி வந்த வாசலில், நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.