குமணயில் ஒரு சுபஹு

வாப்பா இளமையில் பொத்துவில், பாணமை வழியாகக் குமண போய்வந்தவர். வில்லுவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதைக் கதை கதையாகச் சொல்வார். 1985இல் யுத்தம் அந்தக் காட்டை மூடியபோது நான் சிறுபிள்ளை. 2003இல் அது திறந்தபோது வாப்பா மௌத்தாகியிருந்தார்.

போன வருடம் மகனோடு போய், கும்புக்கன் ஆற்றங்கரையில் கூடாரமடித்தேன். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் அடியார்கள் அக்காட்டினூடே நடந்து போவார்கள்; மற்றவர்களுக்கு வாகனம்தான். இரவு சருகு சரசரத்தது. யாரோ துவக்கோடு வருவதாக என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“வாப்பா, மான்!” என்றான் மகன்.

முதலைக்குப் பயந்து, ஆற்றில் இறங்காமல் போத்தல் தண்ணீரில் வுளூச் செய்து சுபஹு தொழுதோம். விடிந்ததும் வில்லுவுக்குப் போனோம். கூழைக்கடாக்களை அவன் எண்ணத் தொடங்கினான்.

வாப்பா எனக்குக் காட்டைக் கதையாகத்தான் தந்தார். யுத்தம் அதற்குமேல் விடவில்லை. மகனுக்கு ஓர் இரவையாவது கொடுத்துவிட்டேன்.