உப்புக்காற்றில் ஒரு கப்ளர்

தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் லாரிகளுக்குப் பின்விளக்குதான் முதலில் மக்கர் பண்ணும். பல்பும் ஃபியூஸும் நன்றாகவே இருக்கும். விளக்கு மட்டும் மினுக்கி மினுக்கி அணையும். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி நேரே வயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரிப்பார். உள்ளே பித்தளைப் பின்னில் பச்சை பூத்திருக்கும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஈரம் பின்னை அரித்துக்கொண்டிருக்கும்.

"மொதல்ல பேட்டரி எர்த்தக் கழட்டுலே" என்று பையனிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். பச்சையைச் சுரண்டி, கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதற்குப் பிறகே சிலிக்கான் கிரீஸ். சிலிக்கான் எண்ணெயில் நுண்ணிய சிலிகாத் தூள் கலந்து கெட்டியாக்கிய அது மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தாததை ஏன் அங்கே தடவ வேண்டும்? பின் இறுகிப் பிடிக்கும் இடத்தில் கிரீஸ் பிதுங்கி விலக, உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்கின்றன. சுற்றிலும் தங்குகிற கிரீஸ் ஈரத்தை உள்ளே விடாது. பின் லூசாக இருந்தால் இதனால் பயனில்லை.

ஐப்பசி மழையில் அப்பாவின் மொபெட் நின்றுபோவதும் நினைவுக்கு வருகிறது. ஸ்பார்க் பிளக் கேப்பின் ரப்பர் உள்விளிம்பில் இந்தக் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் அந்த இடத்தில் ஈரம் புகுந்தால், பொறி பிளக் முனைக்குப் போகாமல் வெளியிலேயே தாவிவிடும். கடத்தாத குணம்தான் அங்கே காவல்.

அண்ணாச்சியின் விரல்நுனியில் நகக்கண் அளவு கிரீஸ்தான் இருக்கும். பையன்கள் கப்ளரை நிரப்பி அடைத்தால் வழித்தெடுக்கச் சொல்வார். நிரம்பிவிட்டால் உள்ளே சிக்கிய காற்று எதிர்த்துத் தள்ளும், லாக் விழாது. சரியாக உட்காராத கப்ளர் சூடேறி உருகவும் கூடும். வீல் பேரிங் கிரீஸை இதற்குத் தொடவே மாட்டார், அது சில ரப்பர் வளையங்களை ஊதவைக்கும். சிலிக்கான் ரப்பர் வளையமாக இருந்தால் சிலிக்கான் கிரீஸே அதை ஊதவைக்கும். வண்டிக் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் பைக்குகளிலும் ஆக்சிஜன் சென்சார் உண்டு. சிலிக்கான் ஆவி அதைக் கெடுத்துவிடும், அதன் பக்கம் இந்தக் கிரீஸ் ட்யூபைக் கொண்டுபோகாதீர்கள். ரிலேவின் உள்ளேயும் வேண்டாம். அங்கே எழும் பொறியில் சிலிக்கான் எரிந்து மணல்போல் படிந்து மின்சாரத்தை மறிக்கும். காரில் மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதைப் பிரிக்காமல் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள்.